காக்கைக் கூட்டில் குயில் முட்டை: எடுத்துப்போடலாமா, விட்டுவிடலாமா?

"காக்கைக் கூட்டில் குயில் முட்டையிட்டிருக்கிறது. அதை மட்டும் எடுத்துப்போட்டால் காக்கைக் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளுமே, செய்யலாமா?" பறவைகளைக் கவனிக்கத் தொடங்கும் பலரும் சீக்கிரத்திலேயே வந்து நிற்கும் கேள்வி இது. கேட்பவருக்கு நல்ல மனசு. கண்ணெதிரே ஒரு அநியாயம் நடக்கிறது, தடுக்க ஒரு கை நீட்டினால் போதும் என்று தோன்றுகிறது.

ஒற்றைக் கூட்டைப் பற்றிய கேள்வி என்றால், விட்டுவிடுங்கள் என்பதுதான் பதில். ஆனால் இதே விஷயத்தில் மனிதர்கள் வேண்டுமென்றே தலையிட்டு, அழிவின் விளிம்பில் இருந்த பறவைகளைக் காப்பாற்றிய இடங்களும் உலகில் உண்டு. அங்கே சரியாக இருந்தது இங்கே ஏன் தப்பாகிறது என்று புரிய, முதலில் இந்தப் பறவைகள் என்னதான் செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

யாரெல்லாம் இப்படி?

ஒரு பறவை கூடு கட்டாமல், அடைகாக்காமல், இரை ஊட்டாமல், தன் முட்டையை வேறொரு பறவையின் கூட்டில் இட்டுவிட்டுப் போவதை அடைகாப்பு ஒட்டுண்ணித்தனம் என்கிறார்கள். பேன், உண்ணி போன்றவை உடம்பிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இவை மற்றப் பறவையின் உழைப்பை உறிஞ்சுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். முட்டையை ஏற்று வளர்க்கும் பறவையைப் பாடப்புத்தகங்கள் ஓம்புயிரி என்று சொல்லும். நான் வளர்ப்புப் பெற்றோர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பிள்ளை வளர்ப்பை முழுக்க முழுக்க அடுத்தவரிடம் விட்டுவிட்ட பறவையினங்கள் உலகில் சுமார் 100. மொத்தப் பறவையினங்களில் ஏறக்குறைய ஒரு சதவீதம். இதில் பெரும்பகுதி குயில் குடும்பம். அதற்காகக் குயில் குடும்பமே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 140 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில் பாதிக்கும் மேல் தம் குஞ்சுகளைத் தாமே வளர்க்கின்றன. புதருக்குள் தத்தித் தத்தித் திரியும் செம்போத்து குயில் குடும்பம்தான். அது ஒழுங்காகக் கூடு கட்டி, அடைகாத்து, ஊட்டி வளர்க்கிறது.

மற்றவை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள தேன்காட்டிகள், ஆப்பிரிக்காவின் வைதா குருவிகள், அமெரிக்கக் கண்டங்களின் கௌபேர்ட்கள், தென் அமெரிக்காவில் ஒரே ஒரு வாத்து. இந்தப் பழக்கம் ஒரு மூதாதையிடமிருந்து எல்லாருக்கும் வந்ததல்ல. பறவைகளின் வரலாற்றில் தனித்தனியாக ஏழு முறை தோன்றியிருக்கிறது, குயில் குடும்பத்துக்குள்ளேயே மூன்று முறை. இது தவிர, 200-க்கும் மேற்பட்ட இனங்களில் சொந்தக் கூடு வைத்திருக்கும் தாய்ப்பறவையே சந்தர்ப்பம் கிடைத்தால் தன் இனத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரியின் கூட்டில் ஒரு முட்டையை இட்டுவிட்டு வரும். வாத்துகளில் இது சர்வ சாதாரணம்.

இவை எல்லாம் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. அந்தத் தென் அமெரிக்க வாத்தின் குஞ்சு, பொரிந்து ஓரிரு நாளில் தானாக நீந்திப் போய்விடும். வளர்ப்புப் பெற்றோருக்குச் செலவு அடைகாத்த சூடு மட்டும்தான். வைதாக் குஞ்சுகள் சில்லைகளின் கூட்டில் மற்றக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கின்றன. வாய்க்குள் இருக்கும் புள்ளிகள்கூட அந்தந்தச் சில்லைக் குஞ்சின் வாயைப் போலவே இருக்கும். இன்னொரு கோடியில் பெரிய தேன்காட்டி. பஞ்சுருட்டான்களின் இருண்ட வளைக்குள் பொரியும் அதன் குஞ்சுக்கு அலகின் நுனியில் கூரிய கொக்கி உண்டு. கண் திறக்காத நிலையிலேயே, கூடப் பிறந்ததுபோலக் கிடக்கும் குஞ்சுகளைக் கடித்துக் கடித்துக் கொன்றுவிடும். வேலை முடிந்த சில நாட்களில் கொக்கி தேய்ந்து போகிறது.

பத்து நொடி வேலை

அதிகம் ஆராயப்பட்டது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியிருக்கும் கக்கூ என்ற குயில் இனம். நாணல் கதிர்க்குருவி போன்ற சின்னஞ்சிறு பறவைகள்தான் அதன் இலக்கு. பெண் கக்கூ மறைவான கிளையில் உட்கார்ந்து, யார் எங்கே கூடு கட்டுகிறார்கள் என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டில் முட்டைகள் விழத் தொடங்கியதும், பெரும்பாலும் பிற்பகலில், சறுக்கி இறங்கி ஒரு முட்டையை அலகால் எடுத்துக்கொள்ளும். தன்னுடையதை இடும். பறந்துவிடும். மொத்தத்தில் சுமார் பத்து நொடி. முட்டையை வேறெங்கோ இட்டு, வாயில் கவ்விக் கொண்டுவந்து வைக்கிறது என்றுதான் பலகாலம் நம்பியிருந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எட்கர் சான்ஸ் என்பவர் மறைவிடம் அமைத்துத் திரைப்படச் சுருளில் அதைப் பதிவு செய்தபிறகே அந்தக் கதை ஓய்ந்தது. அவர் கவனித்துவந்த ஒரு பெண் கக்கூ ஒரே பருவத்தில் 25 முட்டைகள் இட்டது.

கக்கூ இனத்துக்குள் பெண் வழியாகத் தனித்தனிக் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளையும் ஒரு குறிப்பிட்ட பறவையின் கூட்டையே தேடும், முட்டையின் நிறமும் புள்ளியும் அந்தப் பறவையின் முட்டையை ஒத்திருக்கும். போதாததற்கு, கக்கூ தன் முட்டையைக் கூடுதலாக ஒரு நாள் வயிற்றிலேயே வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் இடுகிறது. அதனால் மற்ற முட்டைகளை முந்திக்கொண்டு பொரிந்துவிடும்.

பொரிந்தபிறகு நடப்பதுதான் பார்ப்பவர்களைப் பதறவைப்பது. இன்னும் கண் திறக்காத, இறகு முளைக்காத அந்தக் குஞ்சு முதுகைக் கொடுத்து ஒவ்வொரு முட்டையாகக் கூட்டின் விளிம்புக்கு ஏற்றி வெளியே தள்ளுகிறது. அதற்கென்றே முதுகில் ஒரு குழிவு இருக்கிறது. 1788-இல் இதை விவரித்து எழுதியவர் எட்வர்ட் ஜென்னர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற அதே ஜென்னர்தான். பிறந்த குழந்தை கொலை செய்யுமா என்று அப்போது பலர் நம்பவில்லை.

தனியாளாகிவிட்ட குஞ்சு வளர்ந்து, தன்னை ஊட்டும் பறவையைப்போலப் பல மடங்கு எடைக்கு வந்துவிடும். ஒரே ஒரு வாயைத் திறந்து காட்டினால் பெற்றோர் நான்கு குஞ்சுக்கான இரையைக் கொண்டுவருமா? அதற்கும் வழி வைத்திருக்கிறது. அது எழுப்பும் ஒலி ஒரு குஞ்சின் குரலாக இல்லாமல், கூடு நிறையக் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கத்துவதைப்போல விடாமல் கேட்கும். ஜப்பானில் இருக்கும் ஒரு பருந்துக் குயிலின் குஞ்சு இன்னும் ஒரு படி மேலே. அதன் இறக்கையின் அடியில் மஞ்சளாக ஒரு தோல் பகுதி இருக்கிறது. இறக்கையைத் தூக்கி அசைத்தால் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்திருப்பதுபோலத் தெரியும். வளர்ப்புப் பெற்றோர் சில சமயம் அந்தப் பொய் வாயிலேயே இரையைத் திணிக்கப் பார்ப்பதுண்டு.

நமக்குத் தெரிந்த குயில் அவ்வளவு கொடூரமில்லை

கேள்வியில் வந்த குயிலின் கதை வேறு மாதிரி. கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருக்கும் ஆணும், பழுப்பில் வெண்புள்ளி தெளித்த பெண்ணுமான ஆசியக் குயில் பெரும்பாலும் காக்கைக் கூட்டைத் தேர்ந்தெடுக்கிறது. மைனா, கீச்சான் கூடுகளிலும் இடுவதுண்டு. குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, ஆனால் நிறம் கிட்டத்தட்ட ஒன்று. காக்கை முட்டை பொரிய 16 நாளுக்கு மேல் ஆகும், குயிலுக்கு 12 முதல் 14 நாள் போதும்.

முக்கியமான வித்தியாசம், இந்தக் குயில் குஞ்சு பெரும்பாலும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. காக்கைக் கூடு ஆழமானது, முட்டையும் பெரிது, தள்ளுவது கஷ்டம் என்பது ஒரு விளக்கம். எது எப்படியோ, முந்திப் பொரிந்து முந்தி வாய் திறப்பதால் குயில் குஞ்சுக்கு இரையில் முதல் பங்கு கிடைக்கிறது. காக்கைக் குஞ்சுகளில் சில மெலிந்து சாகும், சில பிழைத்துக் குயிலோடு சேர்ந்தே கூட்டை விட்டுப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இனப்பெருக்கம் செய்யும் இதன் நெருங்கிய உறவினமான பசிபிக் குயிலோ தள்ளிவிடும் ரகம்.

சுடலைக் குயிலும் அக்கா குயிலும் தவிட்டுக்குருவிகளின் கூட்டை நாடுகின்றன. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து குஞ்சு வளர்ப்பவை, எனவே ஊட்டுவதற்கு ஆள் நிறைய.

ஏமாறுகிறவர்களும் சும்மா இல்லை

வளர்ப்புப் பெற்றோரை அப்பாவிகள் என்று பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்து மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வேற்று முட்டையைக் கண்டுபிடித்து வெளியே எறியும் பறவைகள் ஏராளம். அமெரிக்க ராபின் அப்படிச் செய்யும். மஞ்சள் வார்ப்ளர் என்ற சிறு பறவைக்கு எறிய வலுவில்லை, அது கௌபேர்ட் முட்டையின் மேலேயே புதிதாக ஒரு தளம் போட்டுக் கூட்டைக் கட்டி, மறுபடி முட்டையிடும். கௌபேர்டைக் கண்டால் எழுப்புவதற்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கை ஒலியும் அதனிடம் உண்டு. ஆப்பிரிக்காவில் ஒரு வகைக் கதிர்க்குருவியில் ஒவ்வொரு பெண்ணும் இடும் முட்டைக்கு வெவ்வேறு நிறம், வெவ்வேறு கிறுக்கல். கையெழுத்துப்போல ஆளுக்கு ஒன்று இருப்பதால், போலி போடுவது சிரமம்.

ஆஸ்திரேலியாவின் அழகு ஃபேரிரென் என்ற சிறு பறவை இன்னும் வேடிக்கையானது. அடைகாக்கும் தாய் முட்டைகளுக்குள் இருக்கும் குஞ்சுகளுக்கு ஒரு குறிப்பிட்ட ஒலியைத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டுகிறது. பொரிந்த குஞ்சுகள் அதே ஒலியைச் சேர்த்து இரை கேட்கின்றன. சீக்கிரம் பொரிந்துவிடும் குயில் குஞ்சுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளப் போதுமான நாள் கிடைப்பதில்லை. 2012-இல் வெளியான ஆய்வு இது.

அப்படியென்றால், தன்னைவிடப் பெரிய கக்கூ குஞ்சின் வாயில் தலையை விட்டு ஊட்டுகிற அந்தச் சின்னக் கதிர்க்குருவி முட்டாளா? முட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பறவைக்குக் குஞ்சு வித்தியாசமாக இருப்பது ஏன் தெரியவில்லை? இஸ்ரேலைச் சேர்ந்த ஆர்னான் லோட்டம் என்ற ஆய்வாளர் 1993-இல் இதற்கு அழகான ஒரு விடை சொன்னார். முதல் தடவை முட்டையிடும் பறவை தன் முட்டை எப்படியிருக்கும் என்று கூட்டைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அதில் ஒரு கக்கூ முட்டை கலந்திருந்தாலும் மீதியெல்லாம் சொந்த முட்டை, பெரிய நஷ்டம் வராது. குஞ்சையும் அதேபோலப் பார்த்துக் கற்றுக்கொண்டால்? முதல் கூட்டிலேயே கக்கூ புகுந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தால், அந்தப் பறவை பார்க்கும் ஒரே குஞ்சு கக்கூ குஞ்சுதான். 'என் குஞ்சு இப்படித்தான் இருக்கும்' என்று பதிந்துவிட்டால், அடுத்த வருடம் முதல் தன் சொந்தக் குஞ்சுகளையே ஒவ்வொரு தடவையும் ஒதுக்கிவிடும். அதற்கு, வருவதையெல்லாம் ஊட்டிவிடுவது எவ்வளவோ மேல். நமக்கு ஏமாளித்தனமாகத் தெரிவது அதற்குக் கணக்கில் குறைந்த நஷ்டம்.

நாம் கை வைத்தால்

இனி அந்த முட்டை விஷயத்துக்கு வருவோம். எடுத்துப்போட்டால் கூடு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கைதானே கை நீட்டச் சொல்கிறது? அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜெஃப்ரி ஹூவர், ஸ்காட் ராபின்சன் இருவரும் புரோதோனோட்டரி வார்ப்ளர் என்ற பறவைக்குக் கூட்டுப் பெட்டிகள் வைத்து ஆராய்ந்தார்கள். சில கூடுகளில் கௌபேர்ட் முட்டையை விட்டுவைத்தார்கள், சிலவற்றில் எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்த கூடுகளில் 6 சதவீதம் மட்டுமே பின்னர் சூறையாடப்பட்டன. எடுத்துவிட்ட கூடுகளில் 56 சதவீதம். தன் முட்டை காணாமல்போனதைப் பார்த்த கௌபேர்ட் திரும்பி வந்து கூட்டையே நாசம் செய்தது என்பதுதான் அவர்கள் 2007-இல் எட்டிய முடிவு. இதை மாஃபியா உத்தி என்கிறார்கள். என் முட்டையை வளர்த்தால் உன் குஞ்சில் சிலதாவது மிஞ்சும், எறிந்தால் ஒன்றுமே மிஞ்சாது. எல்லா ஒட்டுண்ணிப் பறவைகளும் இப்படிப் பழிவாங்குவதில்லை. ஆனால் கூட்டுக்குள் கை விடும்போது எந்த ஆட்டத்துக்குள் புகுகிறோம் என்றே தெரியாமல் புகுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு முடிவு இன்னும் எதிர்பாராதது. அங்கே பெரிய புள்ளிக் குயில், ஒரு வகைக் காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் யாராவது பிடித்தால் குமட்டும் நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சும். பூனை முதல் வேட்டைப் பறவை வரை அருகே வரத் தயங்கும் நாற்றம். ஆய்வாளர்கள் குயில் குஞ்சைச் சில கூடுகளிலிருந்து எடுத்தும், சில கூடுகளில் புதிதாக வைத்தும் பார்த்தார்கள். குயில் குஞ்சு இருந்த கூடுகள் அழியாமல் தப்பிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வேட்டையாடிகள் தொல்லை கடுமையாக இருக்கும் காலத்தில், குயில் குஞ்சோடு வளர்வதே காக்கைக்கு லாபம் என்று 2014-இல் எழுதினார்கள். ஒட்டுண்ணி என்று பெயர் வைத்தோம், அது சில ஆண்டுகளில் காவல்காரனாக இருக்கிறது.

இதைவிடச் சாதாரணமான ஆபத்துகளும் உண்டு. நாம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்து தாய்ப்பறவை கூட்டையே கைவிடலாம். கூடு இருக்கும் இடத்தை நாமே வேட்டையாடிகளுக்குக் காட்டிக்கொடுத்ததாகலாம். ஒரே தாய் இட்ட முட்டைகளிலேயே ஒன்று மட்டும் வெளிறியோ சிறுத்தோ இருப்பது வழக்கம்தான், அதைத் திருட்டு முட்டை என்று நினைத்து எடுத்துவிட்டால் வேடிக்கையாகப் போய்விடும். பல நாடுகளில் காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

சரி, குஞ்சின் வலி?

நல்லது நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் தலையிடலாமா? இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வெளியே தள்ளப்பட்டுக் கூட்டுக்கு ஓர் அடி கீழே கிடந்து சாகும் குஞ்சுக்கு வலி உண்மையானது. 'அது இயற்கை' என்று சொன்னால் வலி குறைந்துவிடாது. இயற்கையாக நடப்பதெல்லாம் நல்லது என்றால் நாம் மருந்து சாப்பிடவே கூடாது. காட்டு விலங்குகளின் துன்பத்தையும் நாம் பொருட்படுத்த வேண்டும் என்று வாதிடும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது அபத்தமான கேள்வியல்ல.

எனக்கு அதில் இடிப்பது வேறு. நான்கு கதிர்க்குருவிக் குஞ்சுகளுக்காக ஒரு கக்கூவைக் கொல்வது கணக்குப்படி சரி என்றால், கணக்கு அங்கே நிற்காது. அந்த நான்கும் வளர நூற்றுக்கணக்கான பூச்சிகளும் புழுக்களும் சாகின்றன. சிறு பறவைகளின் கூடுகளில் பெரும்பகுதி ஒட்டுண்ணியே வராமல் பாம்பு, அணில், காக்கை, எலி என்று யாரோ ஒருவருக்கு இரையாகிப்போகின்றன. குயில் முட்டையை எறிபவர் வல்லூற்றையும் விரட்ட வேண்டியிருக்கும். குயிலிடம் மட்டும் நமக்குக் கோபம் வருவது ஏன் என்று யோசித்தால், காரணம் வலியின் அளவு இல்லை என்று தெரியும். அது நமக்கு வஞ்சகமாகத் தெரிகிறது, தாய்மையை ஏய்ப்பதாகத் தெரிகிறது. பருந்து கொல்கிறது, குயில் ஏமாற்றுகிறது. நம் ஊருக்குள் இருக்கிற நியாயத்தைக் கொண்டுபோய், முட்டைக்குள்ளிருந்து வந்து ஒரு நாளான, தேர்ந்தெடுக்க எதுவுமில்லாத ஒரு குஞ்சின் தலையில் வைக்கிறோம்.

அதற்கும் மேலாக எண்ணிக்கை. ஒரே ஒரு வகைப் பறவையை நம்பிப் பிழைக்கும் ஒட்டுண்ணியால் அந்தப் பறவையை அழிக்க முடியாது. வளர்ப்பவர் குறைந்தால் இதுவும் குறையும், வளர்ப்பவர் பெருகினால் இதுவும் கொஞ்சம் பெருகும். காக்கை எவ்வளவு, குயில் எவ்வளவு என்று சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஜோடிகளில் காப்பாற்றப்பட வேண்டியவர் என்று யாருமில்லை. சொல்லப்போனால் பிரிட்டனில் எண்ணிக்கை சரிந்து, 2009 முதல் அழிவு அபாயப் பட்டியலின் சிவப்புப் பிரிவில் இருப்பது கக்கூதான்.

ஆனால் எந்தக் கூடு கிடைத்தாலும் முட்டையிடும் ஒட்டுண்ணி இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

கணக்கு உடைந்த இடம்

வட அமெரிக்காவின் பழுப்புத்தலை கௌபேர்ட் 200-க்கும் மேற்பட்ட பறவையினங்களின் கூடுகளில் முட்டையிட்டிருக்கிறது. ஒரு பெண் ஒரு பருவத்தில் 40 முட்டை வரை இடும். இதில் ஏதோ ஓர் அரிய பறவை அழிந்தே போனாலும் கௌபேர்டுக்கு நஷ்டமில்லை, மற்ற இனங்கள் அதன் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை குறையாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் இது புல்வெளிகளில் காட்டெருமை மந்தைகளின் காலடியில் பூச்சி பிடித்துத் திரிந்த பறவை. மந்தை நகர்ந்தால் கூடவே நகரும். பிறகு மனிதர்கள் காட்டை வெட்டித் துண்டு துண்டாக்கி, மாட்டுப் பண்ணைகளும் தானிய வயல்களும் அமைத்தார்கள். கௌபேர்டுக்குக் கண்டம் முழுவதும் வாசல் திறந்துவிட்டதுபோல் ஆனது. அதுவரை அதைக் கண்ணாலும் பார்த்திராத, எதிர்க்கும் பழக்கமே உருவாகாத பறவைகளிடம் அது போய்ச் சேர்ந்தது.

அப்படி மாட்டிக்கொண்டதுதான் கிர்ட்லாண்ட் வார்ப்ளர். மிச்சிகன் மாநிலத்தில், இளம் ஜாக் பைன் மரங்களின் அடியில் தரையில் கூடு கட்டும். மரம் மிகவும் சிறியதாக இருந்தாலும் வராது, வளர்ந்து பெரிதானாலும் போய்விடும். ஜாக் பைன் விதைகள் முளைக்கக் காட்டுத்தீ வேண்டும், மனிதர்களோ தீயை அணைப்பதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். 1961-இல் எண்ணியபோது பாடும் ஆண் பறவைகள் 502. பத்தாண்டு கழித்து 1971-இல் 201. அப்போது சுமார் 70 சதவீதக் கூடுகளில் கௌபேர்ட் முட்டை இருந்தது.

1972-இல் பொறிக்கூண்டுகள் வைக்கத் தொடங்கினார்கள். பெரிய கம்பிவலைக் கூண்டு, உள்ளே தானியம், தண்ணீர், கூட்டாளி இருப்பதாகக் காட்ட உயிருள்ள சில கௌபேர்ட்கள். இறங்கிய கௌபேர்ட்களைக் கொன்றார்கள், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில். பலன் உடனே தெரிந்தது. கௌபேர்ட் முட்டை புகுந்த கூடுகள் சில சதவீதமாகச் சுருங்கின. ஒரு ஜோடிக்கு ஒரு குஞ்சுகூடத் தேறாமலிருந்த நிலை மாறி, மூன்றை நெருங்கியது.

ஆனால் பறவைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. 1974-இல் 167. 1987-இலும் அதே 167. பதினைந்து வருடம் கௌபேர்ட்களைப் பிடித்தும் 200-ஐச் சுற்றியே நின்றது. பிறந்த குஞ்சுகள் வளர்ந்து வந்தால் கூடு கட்ட இளம் மரக்காடு இல்லை. 1980-இல் மேக் ஏரிப் பகுதியில் திட்டமிட்டு வைத்த சிறிய தீ கைமீறிப் பரவி, ஒருவர் உயிரிழந்து, வீடுகளும் எரிந்தன. அந்த எரிந்த நிலத்தில் முளைத்த ஜாக் பைன்கள் சரியான உயரத்துக்கு வந்தபோதுதான் வார்ப்ளர்கள் பெருகத் தொடங்கின. பிறகு காட்டை வெட்டி, மறுபடி நட்டு, வயதுவாரியாக இளங்காடு எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 2015-இல் பாடும் ஆண்கள் 2,300-க்கும் மேல். 2019-இல் அழிவபாயப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

2015-ஐ ஒட்டி இன்னொன்றும் செய்தார்கள். பொறிக்கூண்டுகளை நிறுத்திப் பார்த்தார்கள். கௌபேர்ட் திரும்ப வந்து மொய்க்கும் என்று பயந்தது நடக்கவில்லை, ஒட்டுண்ணி முட்டை இருந்த கூடுகள் ஒரு சதவீதம்கூட வரவில்லை.

இதை வைத்துப் பொறி வைத்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1970-களில் அந்த முதலுதவிக் கட்டு போட்டிருக்காவிட்டால், காடு முளைத்து வரும் வரை வார்ப்ளர் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் கருந்தலை வீரியோ என்ற பறவைக்கு இதே சிகிச்சை இன்னும் நன்றாகவே பலித்தது. அங்கே பத்துக் கூட்டில் ஒன்பதில் கௌபேர்ட் முட்டை இருந்த நிலை மாறிப் பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது, 2018-இல் அந்தப் பறவையும் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஆனால் பொறி வைப்பது பழகிவிட்டால் நிறுத்தக் கை வராது. பிடித்த பறவைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் சாதனைபோல அறிக்கையில் ஏறும், காட்டுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பின்னால் போய்விடும். கொல்லப்படுகிறதும் அந்த மண்ணின் பறவைதான். அதைப் பரவவிட்ட கோடாரி நம்முடையது.

ஆகவே தலையிடுவதற்கு முன் கேட்க வேண்டியவை என் பார்வையில் இவை. வளர்க்கும் பறவை மிச்சம் எத்தனை? ஒட்டுண்ணி அங்கே தானாக வந்ததா, நாம் வழிவிட்டு வந்ததா? அது வேறு இனங்களை நம்பிப் பெருகக்கூடியதா? கடைசியாக, ஒட்டுண்ணியை நீக்கினாலும் பிழைக்கும் குஞ்சுகளுக்கு இருக்க இடம் உண்டா? இவற்றுக்கு ஒரு தனிமனிதர் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. பல ஆண்டு எண்ணிக்கையும், அனுமதியும், நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் நிறுத்துகிற துணிவும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

தனி ஆளாக நீங்கள்

கூட்டைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். எந்தக் குயில் எந்தப் பறவையின் கூட்டில், எப்போது என்ற விவரம் பல இனங்களுக்கு இன்னும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது.

தரையில் ஒரு குயில் குஞ்சு கத்திக்கொண்டிருந்தால், அது கூட்டை விட்டு வெளியேறிப் பறக்கப் பழகும் குஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஊட்டும் காக்கையும் பக்கத்திலேயே இருக்கும். வண்டியோ பூனையோ வரும் இடமாக இருந்தால் எடுத்து அருகிலுள்ள கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். காயம் பட்டிருந்தால் மட்டும் காட்டுயிர் மீட்பில் பயிற்சி உள்ளவர்களிடம் சேர்க்கலாம். வீட்டில் வைத்து வளர்க்கப் பார்க்காதீர்கள்.

கௌபேர்ட் இருக்கும் நாட்டில் வசிப்பவராக இருந்தால், முட்டையைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடு கட்டும் பருவத்தில் தரையில் தினையும் சோளமும் தூவுவதை நிறுத்துங்கள், கௌபேர்ட்களை வரவழைப்பது அதுதான். கூட்டுப் பெட்டி வைத்தால் அதன் துவாரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு பறவைகள் நுழையும், கௌபேர்டுக்கு உள்ளே போவது கஷ்டம்.